கைப்பக்குவத்தைப் பொதுவில் வைப்போம்

(திருப்பூரில் ஒரு கூட்டுப் பட்டறையின் தொடக்க நாளன்று ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டுப் பட்டறையின் கிழக்கு மூலையில் புதிதாக மூன்று சாமான்கள் வந்து இறங்கியிருக்கின்றன. மைத் தொட்டி வைத்த பிரிண்டர் ஒன்று. 38 சென்டிமீட்டர் சதுரத்தில் ஹீட் பிரஸ் ஒன்று. காபிக் கோப்பையில் படம் பதிக்கும் மக் பிரஸ் ஒன்று. சப்ளிமேஷன் அச்சைத் தொடங்க இயந்திரம் என்று வேண்டியது இவ்வளவுதான். நாலாவதாக ஒன்றை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கோடு போட்ட ஒரு பெரிய நோட்டு. இயந்திரங்களைப் பட்டறை வாங்கிவிட்டது. இந்த நோட்டை நாம் எல்லோரும் சேர்ந்துதான் எழுத வேண்டும். அந்த மூன்றுக்கும் மேலாக இதை ஏன் மதிக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

மருதாணியும் நகப்பூச்சும்

திருப்பூர்க்காரர்களுக்குத் துணியில் அச்சிடுவது புதிதல்ல. ஸ்க்ரீன் பிரிண்டிங் டேபிளைப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். அந்த அச்சில் மை துணியின் மேல் உட்காருகிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். பல சலவை கண்டபின் வெடிக்கும், உரியும். சப்ளிமேஷனில் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பிரஸ்ஸின் சூட்டில் துணிக்கு மாற்றுகிறோம். அதைத் தடவிப் பார்த்தால் துணிதான் தட்டுப்படும், படம் தட்டுப்படாது. நகப்பூச்சுக்கும் மருதாணிக்கும் உள்ள வேறுபாடு இது. நகப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிடலாம். மருதாணி உள்ளே இறங்கிவிட்டது, சுரண்ட ஒன்றுமில்லை.

மருதாணி இன்னும் இரண்டு பாடம் சொல்லித் தருகிறது. அரைத்த விழுது பச்சை; பிடித்த பிறகுதான் சிவப்பு. சப்ளிமேஷன் மையும் காகிதத்தில் அச்சாகி வரும்போது சோகை பிடித்ததுபோல மங்கிக் கிடக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பிரிண்டர் கெட்டுவிட்டதோ என்று பதறுவார்கள். சூடு பட்ட பிறகே நிறம் துலங்கும். ஆகவே காகிதத்தைப் பார்த்து நிறத்தைக் கூட்டாதீர்கள். இரண்டாவது பாடம் இதைவிடப் பெரியது. ஒரே விழுது உள்ளங்கையில் கருஞ்சிவப்பாகப் பிடிக்கிறது, புறங்கையில் வெளிறிப்போகிறது. விழுதில் குறை இல்லை. வாங்கிக்கொள்ளும் இடம் வேறு. இந்தத் தொழிலில் நிறம் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது மையைப் பற்றி அல்ல, துணியைப் பற்றித்தான்.

உள்ளே நடப்பது என்ன

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகி ஓடாமலே கரைந்து போகிறது. பீரோவில் போட்ட பாச்சை உருண்டையும் அப்படித்தான். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல், அதாவது சப்ளிமேஷன், என்று படித்திருப்பீர்கள். இந்த மையில் இருக்கும் சாயமும் அந்தக் குணமுடையது. 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது அது காகிதத்தை விட்டு ஆவியாகக் கிளம்புகிறது.

கிளம்பினால் போதாது, போய்ச் சேர இடம் வேண்டும். பாலியஸ்டர் இழையின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சாதாரண வெப்பத்தில் அவை நெருக்கமாக இறுகி நிற்கும். 70, 80 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும். 200-க்குப் பக்கத்தில் சாயம் நுழையும் அளவுக்கு நன்றாக இடைவெளி விடும். 250 தாண்டினால் இழையே உருகிவிடும். 200-க்குப் பக்கத்தில் வரும் இளக்கத்தில் சாய ஆவி உள்ளே நுழைகிறது. பிரஸ்ஸைத் திறந்ததும் துணி ஆறுகிறது, சங்கிலிகள் மறுபடி இறுகுகின்றன, சாயம் உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது. சலவைக்குப் போனாலும் வெளியே வர வழியில்லை.

இதன் வரலாறும் நம் தொழிலோடு சேர்ந்ததுதான். செயற்கை இழைகளில் சாதாரணச் சாயம் ஏறாததால், 1920-களில் அசிடேட் துணிக்காக டிஸ்பர்ஸ் சாயங்களை உருவாக்கினார்கள்; நம் மையில் இருப்பதும் அந்த வகைதான். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டறிந்தார்கள். சாயத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, சூட்டினால் துணிக்கு மாற்றலாம் என்பதை 1950-களில் பிரான்ஸ் நாட்டு ஜவுளி ஆலை ஒன்றில் வேலை பார்த்த நோயல் டி பிளாஸ் காட்டினார். அப்போது பெரிய உருளைகளில் காகிதத்தை அச்சிட வேண்டியிருந்தது. ஒரே ஒரு சட்டைக்காக யாரும் உருளை வெட்ட மாட்டார்கள். கணினி பிரிண்டர் வந்த பிறகுதான் ஒரு சட்டை, ஒரு கோப்பை என்று தனியாள் இறங்க முடிந்தது.

நூலைக் கொளுத்திப் பாருங்கள்

இப்போது இந்த ஊருக்குச் சற்றுக் கசப்பான செய்தி. நாம் பருத்தியால் பிழைத்த ஊர். சப்ளிமேஷன் சாயம் பருத்தியில் நிற்காது. பிரஸ் செய்தவுடன் படம் தெரியும். தண்ணீரில் போட்டால் போய்விடும். சாய ஆவிக்குப் பருத்தி இழையில் அகப்பட்டு நிற்க இடமில்லை. பருத்திக்கு நம் சாயப்பட்டறைகள் போடும் ரியாக்டிவ் சாயம் வேறு வழியில் பிடிக்கிறது. அதற்குத் தண்ணீரும் உப்பும் சோடாவும் வேண்டும்.

பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலந்த பிசி துணியில் என்ன ஆகும்? பாலியஸ்டரில் இறங்கியது நிற்கும், பருத்தியில் ஒட்டியது சலவையில் போகும். பழைய சட்டை போன்ற மங்கல் தோற்றம் மிஞ்சும். அதை விரும்பிக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். தெரியாமல் கொடுத்தால் கெட்ட பெயர்.

லேபிளை மட்டும் நம்பாதீர்கள். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டெனப் பிடித்து எரியும். காகிதம் எரிந்த வாசம் வரும். தொட்டால் பொடியும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கும், உருகும். ஆறியபின் நுனியில் கறுப்பாக, கடினமாக ஒரு மணி நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. இரண்டு குணமும் கலந்து தெரிந்தால் அது கலப்புத் துணி. புது ரோல் பட்டறைக்குள் வந்தால் இந்தச் சோதனை முடிந்த பிறகே பிரஸ்ஸுக்குப் போக வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மையில் வெள்ளை கிடையாது. சாயம் கண்ணாடித் தாள்போல ஊடு தெரியும். மஞ்சள் துணியில் நீலத்தைப் போட்டால் பச்சை வரும். கறுப்புத் துணியில் எதைப் போட்டாலும் தெரியாது. வெள்ளையும் வெளிர் நிறமும்தான் நம் களம். கோப்பைக்கும் இதே நியாயம். பீங்கானில் சாயம் ஏறாது. மேலே பாலிமர் பூச்சு போட்ட கோப்பையாக இருந்தால்தான் ஏறும். கடையில் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

தோசைக்கல்

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக் கபடிக் குழுவுக்கு 12 ஜெர்சி கேட்டார்கள். டாட் நிட் என்னும் வெள்ளைப் பாலியஸ்டர் துணி, முதுகில் பெயரும் எண்ணும். வாடகைக்கு எடுத்த பிரஸ் ஒன்றில் இரவெல்லாம் உட்கார்ந்து முடித்தேன். காலையில் வெயிலில் விரித்துப் பார்த்தால், எல்லாச் சட்டையிலும் பெயரின் முதல் எழுத்து மட்டும் வெளிறியிருந்தது. இயந்திரத்தின் திரையில் 200 என்றுதான் காட்டியது. நானும் அதை நம்பினேன். போட்டி மறுநாள். பிள்ளைகள் அந்தச் சட்டையைத்தான் போட்டு ஆடினார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என் மனத்தில் நிற்கிறது.

பிறகு வெப்பநிலை காட்டும் ஒட்டுப்பட்டைகளைத் தகட்டில் ஒன்பது இடத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் 200. இடது ஓரத்தில் 180-ஐத்தான் தொட்டது. தோசை வார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். கல் நடுவில் காய்ந்திருக்கும், ஓரம் காய்ந்திருக்காது. அதனால்தான் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார்கள், ஓசையைக் கேட்கிறார்கள், மாவை அதற்கேற்பத் தேய்க்கிறார்கள். திரை காட்டும் எண் ஓர் உணர்கருவி இருக்கும் ஒரே இடத்தின் சூடு. கல்லின் குணம் அந்த எண்ணில் தெரியாது.

அழுத்தத்துக்கும் இதுபோல் எளிய சோதனை உண்டு. நாலு மூலையிலும் ஒவ்வொரு காகிதக் கீற்றை வைத்து, சூடில்லாமல் பிரஸ்ஸை மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எந்த மூலைக் காகிதம் வழுக்கி வருகிறதோ அங்கே அழுத்தம் போதவில்லை. இந்த இரண்டு சோதனையும் பத்து நிமிட வேலை. நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஒரு ஜெர்சி, ஆரம்பம் முதல் முடிவு வரை

நாளை காலை நீங்கள் செய்யப்போகும் முதல் வேலையைக் கைபிடித்துச் சொல்கிறேன்.

படத்தைத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதுபோல அச்சிடுங்கள். எழுத்து இருக்கும் படத்தில் இதை மறந்தால் சட்டை வீண். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி வந்திருக்கும். மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நடிகர் படமும் அணிச் சின்னமும் பிறர் உடைமை. அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்பதற்கு இந்தப் பட்டறை இடம் தராது.

துணியை பிரஸ்ஸில் வைத்து, காகிதமில்லாமல் ஐந்து வினாடி அழுத்துங்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் இந்த ஐந்து வினாடியைப் பத்தாக்குங்கள். அடுத்து லின்ட் ரோலரால் துணியை ஒற்றி எடுங்கள். வெள்ளைத் துணியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்ணப் பஞ்சு இழை கிடந்தாலும், பிரஸ் செய்தபின் நீலப் புள்ளியாகப் பதிந்துவிடும். பனியன் ஊரில் பஞ்சு பறக்காத காற்று ஏது? ஆகவே இங்கே இது கட்டாயம்.

காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள். மேலும் கீழும் பட்டர் பேப்பர் போடுங்கள். வெளியேறும் சாயத்தை அது வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அடுத்த ஆளின் சட்டையில் உங்கள் படத்தின் நிழல் விழும். 200 டிகிரி, 45 வினாடி, நடுத்தர அழுத்தம் என்று தொடங்குங்கள். நேரமானதும் மெல்லத் திறந்து, காகிதத்தை ஒரே இழுப்பில் எடுங்கள். டேப் இல்லாமல் சட்டெனத் திறந்தால் காகிதம் எழும்பி மறுபடி விழும். ஆவி இன்னும் கிளம்பிக்கொண்டிருப்பதால் படத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது படம் மங்கலாக விழும். கோஸ்ட் விழுந்துவிட்டது என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

வெளிறி வந்தால் சூடோ நேரமோ அழுத்தமோ போதவில்லை. கறுப்பு பழுப்பாகி, வெள்ளைத் துணி மஞ்சள் தட்டினால் மிஞ்சிவிட்டது. மூன்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கோப்பைக்கு ஏறத்தாழ இதே சூடுதான், நேரம் மட்டும் மூன்று நிமிடம்வரை போகும். பீங்கான் மெல்லச் சூடேறுகிற பொருள். எடுத்த கோப்பையைத் தண்ணீரில் முக்காமல் தட்டில் வைத்து ஆறவிடுங்கள்.

ஏன் கூட்டாக

வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வாங்கிவிடலாமே என்று சிலர் நினைப்பீர்கள். இந்த இயந்திரத்தின் குணத்தைக் கேளுங்கள். இதன் தலையில் மயிரிழையைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன. மை அவற்றில் நின்றால் காய்ந்து அடைக்கும். மாதம் ஒருமுறை ஆர்டர் வருகிறவர் ஒவ்வொரு முறையும் அடைப்பு எடுத்தே மையை வீணாக்குவார். பத்துப் பேர் கூடும் இடத்தில் தினம் ஒருவர் எதையாவது அச்சிடுவார். மை ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்க் கிணறு இறைக்க இறைக்க ஊறும், விட்டுவிட்டால் பாசி பிடிக்கும். கூட்டுப் பட்டறைக்கென்றே அளவெடுத்த இயந்திரம் இது. யாரும் அச்சிடாத நாளில் பட்டறையைத் திறப்பவர் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நாசில் செக் எடுத்துவிட வேண்டும். இந்த மை ஊற்றிய பிரிண்டரில் வேறு மை ஊற்றக் கூடாது, சாதாரணத் தாளும் வைக்கக் கூடாது.

கூட்டாகக் கருவி வைத்து ஊருக்குப் பயன்படச் செய்வது நம் நாட்டில் புதிய எண்ணமும் இல்லை. புனேவுக்கு அருகே பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வழியே அறிவியல் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறை முறை, அந்த நாட்டுக்கு வெளியே முதலில் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று அந்தக் கிராமம். ஊர் சின்னது என்பதால் அவர்கள் தயங்கவில்லை.

கூடி வேலை செய்யும் இடத்துக்குக் கட்டுப்பாடும் வேண்டும். இந்த பிரஸ் ஏறக்குறைய 1800 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடாது. இன்னொரு சூட்டுக் கருவியை அதே லைனில் மாட்டவும் கூடாது. வேலை நடுவில் கரண்ட் போனால் உடனே கையால் பிரஸ்ஸைத் திறந்துவிடுங்கள். தகடு வெகுநேரம் சூடாகவே இருக்கும். துப்பட்டாவும் முந்தானையும் இழுத்துச் செருகியபின் இயந்திரத்துக்கு வாருங்கள். பிரஸ் ஓடும்போது புகைபோக்கி விசிறி ஓட வேண்டும். மை நிரப்பும்போது கையுறை போடுங்கள். டிஸ்பர்ஸ் சாயங்களில் சில தோலுக்கு ஒவ்வாதவை. டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 இரண்டும் அதற்கே பெயர் பெற்றவை.

ஆற்றை நினைத்து

நொய்யல் ஆற்றை மறந்து இந்த ஊரில் சாயத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானதை நாம் கண்ணால் பார்த்தோம். 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை அடையாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று வேலையிழந்தவர்களும், வயலில் உப்பு ஏறியதால் விவசாயத்தை விட்டவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

சப்ளிமேஷன் அச்சில் துணியைக் கழுவும் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. இது பெரிய ஆறுதல். அதற்காக இதைக் குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பாலியஸ்டர் பெட்ரோலியத்தில் பிறந்தது, சலவையில் நுண்ணிழைகளை உதிர்ப்பது, மக்காதது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு காகிதம் குப்பைக்குப் போகிறது. ஆகவே வீணாகும் ஒவ்வொரு சட்டையையும் நஷ்டக் கணக்கில் மட்டும் எழுதாமல் மனச்சாட்சிக் கணக்கிலும் எழுதுவோம். சட்டையில் வைப்பதற்கு முன் வெட்டுத்துணியில் சோதித்துப் பாருங்கள். திருப்பூரில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்?

நோட்டு

கடைசியாக இந்த நோட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் கைப்பக்குவம் என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் கைக்கு ரசம் அமையும், இன்னொருவர் கைக்கு அமையாது. சாயப்பட்டறை மாஸ்டர்கள் பலர் தங்கள் பக்குவத்தை யாருக்கும் சொல்லாமலே காலமானார்கள். பிழைப்பு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொது இயந்திரத்தில் அந்த வழி செல்லாது. நான் கண்டுபிடித்த சூட்டை நான் மறைத்தால், அடுத்தவர் அதே தகட்டில் அதே தவறைச் செய்து அதே துணியைக் கெடுப்பார். இயந்திரத்தை ஒரு வாரத்தில் பொதுவாக்கிவிடலாம். பக்குவத்தைப் பொதுவாக்க மனம் வேண்டும்.

இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. தேதி, பெயர், துணி, காகிதம், சூடு, வினாடி, அழுத்தம், அன்று மழையா வெயிலா, முடிவு என்ன. பக்கத்தில் அந்தத் துணியின் விரலளவு துண்டை ஊசியால் குத்துங்கள். ஏனென்றால் "நிறம் நன்றாக வந்தது" என்ற எழுத்தை நம்புவதைவிடத் துண்டைக் கண்ணால் பார்ப்பது மேல். கெட்டுப்போனதையும் அவசியம் குத்துங்கள். அது மற்றவர் பணத்தை மிச்சமாக்கும்.

முதல் வரியை நானே எழுதிவிட்டேன். வெள்ளை டாட் நிட், திரையில் 200, இடது ஓரத்தில் 180, முதல் எழுத்து வெளிறியது. அந்தக் கபடி ஜெர்சிகளில் ஒன்றைக் குழுத் தலைவர் விளையாட்டை விட்ட பிறகு என்னிடமே திருப்பித் தந்தார். அதன் முதுகில் மங்கிய அந்த எழுத்தை வெட்டி முதல் பக்கத்தில் குத்தியிருக்கிறேன். கீழே பக்கம் முழுதும் வெறுமையாக இருக்கிறது. ஊசி டப்பாவை நோட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.